உச்சிப்பொழுதில் ஓடிய தறி

தமிழுக்குத் தலைவணங்கும் இந்த அவைக்குத் தலைமை தாங்க வந்திருக்கும் பெருந்தகை சண்முகவேல் ஐயா அவர்களே! மல்லசமுத்திரத்துக்கு ஒரு வாசகசாலை வேண்டும் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கிய வளம் நிறைந்த நெஞ்சங்களே! வயதால் மூத்து, வாக்கால் கனிந்து, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு, அழும் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் பாய் விரித்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே! என் உடன்பிறவாத தங்கையரே! உங்கள் அனைவருக்கும் இந்தச் சாரதாமணியின் கரம் குவிந்த வணக்கம்.

யுத்த காலம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வெளிச்சம் இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும் என்று ஐயா அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நல்லதுதான். நான் சொல்லப்போகும் கதையை இருட்டில் சொன்னால் நீங்கள் வீடு போய்ச் சேர மாட்டீர்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கொஞ்ச நேரம்தான் சிரிப்பீர்கள்.

எனக்குத் தந்த தலைப்பு, "இக்காலக் காதல் நாவல்களில் துயரமும் மன்னிப்பும்." பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியாரம்மாள் காதல் நாவல் வாசிக்கலாமா என்று ஒரு பெரியவர் வாசலிலேயே கேட்டார். வாசிக்கிறேன் ஐயா! வண்டி வண்டியாக வாசிக்கிறேன்! வாசித்த பிறகு வயிறெரிகிறேன்!

ஏன் எரிகிறேன்? சென்ற மாதம் ஒரு நாவல் படித்தேன். கதாநாயகியின் கணவன் சாகிறான். காரணம், அவன் சிநேகிதன். அந்தச் சிநேகிதன் வந்து காலில் விழுகிறான். அவள் கண்ணைத் துடைக்கிறாள், "மன்னித்தேன்" என்கிறாள், நிலா எழுகிறது, நாவல் முடிகிறது. கேட்கிறேன், அன்பர்களே! அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு இருந்ததா? இருந்தால் அது எங்கே எரிந்தது? இரண்டு வரிக்குள் மன்னிக்க முடிந்தவள், அந்தக் கணவனை எத்தனை வரிக்கு நேசித்திருப்பாள்? அழுதாள் என்று எழுதுகிறார்கள். அழ முடியாமல் அடைத்துப்போன தொண்டையை யார் எழுதுகிறார்கள்? மன்னித்தாள் என்று எழுதுகிறார்கள். மன்னிக்க மறுத்து மறுத்து மாய்ந்துபோன மனத்தை யார் எழுதுகிறார்கள்?

என்ன தம்பி? "நீங்களே எழுதுங்களேன்" என்கிறீர்களா? எழுத வராது. நடந்ததைச் சொல்ல வரும். சொல்லலாம் என்று சம்பந்தப்பட்டவர்களே எனக்கு வாய்விட்டு உத்தரவு கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். கொமாரபாளையத்துக்குக் கீழே, காவிரிக் கரையில், தறிச் சத்தத்தில் கண் விழிக்கும் ஓர் ஊர். யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு அங்கேதான் எனக்கு உத்தியோகம். நான் குடியிருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர்.

அந்தப் பக்கத்து வீட்டில் கைலாசம் என்று ஒரு நெசவுக்காரர். அவர் மனைவி சௌந்திரம். அவர் தாயார் பாவாயி அம்மாள். சுவருக்கு அப்பால் அவர்கள் சிரிப்பதும் எனக்குக் கேட்கும். சீறுவதும் எனக்குக் கேட்கும். சௌந்திரத்துக்கு மூக்கு நுனியில் கோபம். கைலாசத்துக்கு நாக்கு நுனியில் கேலி. காலையில் சண்டை என்றால் மத்தியானம் சமாதானம். கைலாசம் இடதுகைக்காரர். தறியில் ஊடை நூல் கொண்டு ஓடும் நாடாவின் கயிற்றை எல்லாரும் வலது கையால் இழுப்பார்கள். அவர் இடது கையால் இழுப்பார். அதனால் அவர் தறிக்கு ஒரு தனி நடை. டக் டக் என்று ஓடி, ஒரு நொண்டிக்கால் போலச் சற்றே நின்று, மறுபடி டக் என்று விழும். தெருவில் எத்தனை தறி ஓடினாலும், "அது கைலாசம்" என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அவருக்கு ஓர் உயிர்ச் சிநேகிதர், தண்டாயுதபாணி. கல்யாணம் ஆகாதவர். தறிக்குப் பாவு நூல் ஓட்டுவதும் அங்கேதான், பசியாறுவதும் அங்கேதான். கைலாசம் அவரைப் "பாணி" என்றுதான் கூப்பிடுவார். அப்படிக் கூப்பிட்ட வாய் ஊரிலேயே அது ஒன்றுதான்.

ஓர் ஆடி மாதம். ஆறு கரையைக் கடித்துக்கொண்டு போகிறது. அக்கரையில் நாடகம் என்று தண்டோரா. கைலாசத்துக்கு நாடகம் என்றால் பைத்தியம். தறியில் பாதிச் சேலை நிற்கிறது. வாசலில் சௌந்திரம் நிற்கிறாள். "பாதி நெசவ உட்டுப்போட்டு ஆத்துல எறங்கோணுமா? போறதுன்னா அப்பிடியே போயிருங்க. திரும்பி வர வேண்டாம்!" என்று கத்தினாள். சுவருக்கு இப்பால் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நாளைக்கு இவர்கள் சமாதானம் ஆவதையும் கேட்போம் என்று நினைத்தேன்.

நாளைக்கு வரவில்லை, தாய்மாரே!

கைலாசமும் தண்டாயுதபாணியும் ஏறிப்போன பரிசல் நடு ஆற்றில் சுழியில் சிக்கிக் கவிழ்ந்தது. பரிசல்காரர் ஒருபுறம் நீந்திக் கரையேறினார். மறுநாள் காலையில் தண்டாயுதபாணி, நனைந்த துணியோடு, தனியாக, அந்த வாசலில் வந்து நின்றார். "கை நழுவிப் போயிட்டானுங்க" என்றார்.  சௌந்திரம் அவரைப் பார்த்தாள். அழவில்லை. கேட்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

உடல் கிடைக்கவே இல்லை. தர்ப்பையில் உருவம் செய்து காரியம் முடித்தார்கள். தாலியைக் கழற்ற ஊர்ப் பெண்கள் வந்தபோது சௌந்திரம் எழுந்து நின்றாள். "ஒடம்பக் காட்டுங்க. அப்பறம் கழட்டறேன்" என்றாள். யாரால் காட்ட முடியும்? கழுத்தில் தாலியோடு, கண்ணில் நீர் இல்லாமல், கல்லாய் இருந்தாள். தறி இருந்த அறையைச் சாத்தினார்கள். பாதிச் சேலை அப்படியே பாவில் நின்றது. தண்டாயுதபாணி தினமும் வந்தார். தண்ணீர் சுமந்து ஊற்றினார். விறகு பிளந்து போட்டார். அந்த அறை இருந்த திசையை மட்டும் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

புரட்டாசி பிறந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. நல்ல உச்சிப்பொழுது. காக்கைகூடக் கரையாத வேளை. தெருவில் நிழலே விழாத வேளை. நான் சுவரோரம் படுத்திருந்தேன்.

டக், டக்... டக்.

எழுந்து உட்கார்ந்தேன். வேறு வீட்டுத் தறியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டக், டக்... டக். அதே நொண்டி நடை! அதே சுவருக்கு அப்பால்!

இப்போது ஏன் ஒருவரும் சிரிக்கவில்லை?

மறுநாள் தெருவே கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. உச்சிப்பொழுது ஆனால் கதவுகள் சாத்தின. தண்ணீருக்குப் போகும் பெண்கள் பொழுதை மாற்றிக்கொண்டார்கள். மற்றத் தறிகள் எல்லாம் அந்த நேரத்தில் தாமாகவே நின்றுவிடும். அந்த ஒரு தறி மட்டும் ஓடும். நான் வாசல் வரை போய்ப் பார்த்தேன். சாத்திய அறைக்கு முன்னால் பாவாயி அம்மாள் ஒரு செம்புத் தண்ணீரோடு கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தில் அச்சம் இல்லை. ஆனந்தம் இருந்தது! அதுதான் எனக்கு முதுகில் பனிக்கட்டி வைத்ததுபோல இருந்தது.

சாயங்காலம் சௌந்திரத்தைக் கேட்டேன். "உச்சியில நீ எங்கே இருந்தாய் சௌந்திரம்?"

"தூங்கிப்போறனுங்க டீச்சர். எந்திரிச்சா ஒடம்பெல்லாம் வலிக்குது" என்றாள்.

பொய் சொல்லும் முகம் இல்லை அது. ஆனால் என் கண் தற்செயலாகக் கீழே போனது. அவள் கால் பெருவிரலில் தோல் உரிந்து சிவந்திருந்தது. தறியின் மிதியை மிதித்து மிதித்து நெசவுக்காரர்களுக்கு வருமே, அந்தப் புண்! சௌந்திரம் நூல் சுற்றுவாள். தறிக்குழியில் இறங்கி ஒருநாளும் நெய்தவள் இல்லை.

ஊர் கூடியது. பேயோட்டும் கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவர் உடுக்கை அடித்துவிட்டு, தறியைப் பிரித்து ஆற்றில் எறியச் சொன்னார். ஐப்பசியில் ஒரு நாளைக் குறித்தார்கள். அந்த நாள், அந்த உச்சி, தெருவெல்லாம் ஆள். தறி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அறைக் கதவைத் தொட ஒருவருக்கும் துணிவு இல்லை. தண்டாயுதபாணி வெளிறிய முகத்தோடு ஓரமாக நின்றார்.

"ஆற்றில் எறிவதற்கு முன்னால் கதவைத் திறந்து பாருங்கள்" என்றேன் நான்.

பாவாயி அம்மாள் கதவுக்குக் குறுக்கே கையை விரித்தார். "தொறக்காதீங்க டீச்சர். உள்ள ஆருன்னு எனக்குத் தெரியும். கண்ணத் தொறந்து பாத்தா அங்க எம்மருமவ இருப்பா. கண்ண மூடிக்கிட்டா எம்மவன் இருக்கறான். நான் எதுக்குச் சாமி தொறக்கோணும்?"

அன்பர்களே! எந்த நாவலில் இப்படி ஒரு தாய் பேசுகிறாள்? எந்த எழுத்தாளர் இந்த ஏக்கத்தை, இந்த ஏமாற்றை, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் இந்தப் பெற்ற வயிற்றை நமக்குக் காட்டினார்?

நான் அவர் கையை மெதுவாக விலக்கினேன். கதவைத் தள்ளினேன்.

தறிக்குழியில் சௌந்திரம். தலையில் கைலாசத்தின் துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தாள். கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. கால் மிதிக்கிறது. இடது கை கயிற்றை இழுக்கிறது. கேளுங்கள், வலது கையால் சோறுண்ணும் பெண், இடது கையால் இழுக்கிறாள்! டக், டக்... டக். என் பின்னால் தண்டாயுதபாணி வந்து நின்றார். அவள் திரும்பவில்லை. வாய் மட்டும் திறந்தது. வந்தது அவள் குரல் இல்லை.

"பாணி... பரிசல் சுத்துதுடா. கையக் குடு."

 தண்டாயுதபாணி நின்ற இடத்திலேயே முறிந்து விழுந்தார். "குடுத்தனேடா! குடுத்துட்டு ஒதறிட்டனேடா!" என்று அலறினார். தறி நின்றது.

ஆமாம் அம்மா. அப்படித்தான் சொன்னாள்.  நடு ஆற்றில் கைலாசம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான், அதை ஓர் உயிரிடமும் சொன்னதில்லை என்று தண்டாயுதபாணி சத்தியம் செய்கிறார். பின் அவளுக்கு எப்படித் தெரிந்தது? அங்கே ஒருவர் கேட்கிறார், "பேய்தானுங்களா?" என்று. எனக்குத் தெரியாது ஐயா. நெய்தது அவள் என்று தெரியும். பேசியது யார் என்று தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

சௌந்திரத்தின் கண்ணில் பார்வை திரும்பியது. கையைப் பார்த்தாள். தறியைப் பார்த்தாள். தரையில் கிடந்தவரைப் பார்த்தாள்.

"நீங்களா உட்டீங்க?" என்றாள். இப்போது அது அவள் குரல்.

"நாந்தானுங்க."

"ஏனுங்க?"

அவர் என்ன சொல்லியிருக்கலாம்? தண்ணீரின் வேகம் என்று சொல்லியிருக்கலாம். விதி என்று சொல்லியிருக்கலாம். வாய் கோணாமல் சொல்லியிருக்கலாம், ஊரும் நம்பியிருக்கும். அவர் சொன்னார்: "கையப் புடிச்சவன் இடுப்பையும் புடிச்சு இழுத்தான். ரெண்டு பேரும் போயிருப்பமுன்னு மனசு சொல்லுது. அது நெசமான்னு எனக்கே தெரியல. பயந்துட்டனுங்க. அவ்வளவுதான்."

"போங்க" என்றாள். "என் கண்ணு முன்னால நிக்காதீங்க. போங்க!"

அவர் போனார். அதன் பிறகு சௌந்திரம் அழுதாள். ஆடியில் அழாததை ஐப்பசியில் அழுதாள். தொண்டை வறண்டு, குரல் தேய்ந்து, காற்று மட்டும் வரும்வரை அழுதாள். பொழுது சாயும் முன் தாலியைத் தானே கழற்றினாள். அந்தத் தறி அதன் பிறகு உச்சிப்பொழுதில் ஓடவில்லை. பாவாயி அம்மாள் மட்டும் என் வாசலுக்கு வந்து, "எம்மவன ஆறு ஒருக்காக் கொன்னுது. நீ ஒருக்காக் கொன்னுபோட்டயே" என்றார். 

பாவிலிருந்து அந்தச் சேலையை அறுத்து எடுத்தார்கள். ஊரில் கைதேர்ந்த நெசவாளர்கள் எல்லாம் கையில் வாங்கி, வெயிலில் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தார்கள். கைலாசம் விட்ட இடம் எது, சௌந்திரம் தொட்ட இடம் எது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒரே கை நெய்ததுபோல இருந்தது. 

மணியின் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள் தலைவர் ஐயா! நாவல்காரர்கள் முடிக்கும் இடம் இதுதான். என் கதை இனிமேல்தான் தொடங்குகிறது.

தை மாதம். ஆறு வடிந்து மணல் தெரிந்தது. ஒரு நாள் காலையில் சௌந்திரம் என்னிடம் வந்து, "டீச்சர், அவர வரச் சொல்லுங்க. நீங்களும் கூட இருங்க" என்றாள். ஆற்று மணலில் சந்தித்தோம். தண்டாயுதபாணி பாதி உடம்பாகிப் போயிருந்தார். தலை குனிந்து நின்றார்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்லக் கூப்புடல" என்றாள் சௌந்திரம். "உங்கள நெனச்சா வவுறு பத்தி எரியுது. ஆனா நீங்க வராத நாளெல்லாம் வாசலையே பாக்கறேன். வெறுக்கறதும் நெசம். தேடறதும் நெசம். இதுல எது பொய்னு தெரிஞ்சா அத உட்டுடுவேன். ரெண்டும் நெசமா இருக்குதுங்களே, நான் என்ன பண்ணட்டும்?"

அவளே தொடர்ந்தாள்.

"இன்னொண்ணு கேக்கோணும். அன்னைக்குத் திரும்பி வர வேண்டாம்னு நான் சொன்னேன். வாசல்ல நின்னு சொன்னேன். அவரு அத... அத எப்பிடி எடுத்துக்கிட்டாரு? பரிசல் தொறைக்குப் போற வழியில ஏதாச்சும் சொன்னாருங்களா?"

அவையோரே! இந்த இடத்தில் ஒரு கதாநாயகன் என்ன செய்வான்? "சிரித்துக்கொண்டே போனான் அம்மா, உன் கோபத்தைப் புகழ்ந்துகொண்டே போனான்" என்பான். அன்புக்காக ஒரு பொய். ஆறுதலுக்காக ஒரு பொய். யார் குற்றம் சொல்லப் போகிறார்கள்? தண்டாயுதபாணி சௌந்திரத்தை உள்ளுக்குள் நேசிக்கத் தொடங்கி வெகுநாள் ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும்; அவளுக்கும் தெரியும். அந்த ஒரு பொய் அவள் மனத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்திருக்கும்.

அவர் நிமிர்ந்தார். "இல்லீங்க" என்றார். "அவன் ஒண்ணும் பேசல. தொறை வரைக்கும் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுத்தான் வந்தான். நாந்தான், வா நாடகம் பாத்துட்டு வந்து சமாதானம் பண்ணிக்கலாம்னு இழுத்துக்கிட்டுப் போனேன். அவன் மனசு நொந்துதான் போனானுங்க."

 அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"சிரிச்சுக்கிட்டே போனான்னு சொல்லியிருந்தீங்கன்னா, உங்க மூஞ்சியில இனி முழிச்சிருக்க மாட்டேன்" என்றாள். "அவர எனக்குத் தெரியாதுங்களா? நொந்துதான் போயிருப்பாரு. பொய்யில்லாத ஒரு மனுசன் எனக்கு வேணும். நாளைக்கு வாங்க. தண்ணி எடுத்து ஊத்தோணும்."

இதுதான் காதல் என்கிறேன் நான்! மலரைப் பறித்து மடியில் போட்டதா காதல்? நிலவைக் காட்டி நெஞ்சை உருக்கியதா காதல்? தனக்கே தீங்காகும் என்று தெரிந்தும், தான் விரும்பியவளின் முகத்துக்கு நேரே மெய் பேசினாரே, அது காதல்! அந்த மெய்யால் வெந்தும், வெந்த இடத்திலேயே நின்று, "நாளைக்கு வாங்க" என்றாளே, அது காதல்!

சில வருஷம் கழித்து அவர்கள் மணம் முடித்தார்கள். சாதிசனம் பேசியது. சிலர் பேச்சை முறித்துக்கொண்டார்கள். பாவாயி அம்மாளிடம் சௌந்திரம் போய்க் கேட்டாள். அந்தத் தாய், "தாலிய என் கையால எடுத்துக் குடுக்க மாட்டேன் கண்ணு. அது என்னால ஆவாது. சோறு ஆக்கி வெக்கறேன். தின்னுட்டு ஒரு ஊட்டுலயே இருங்க" என்றார். பெற்ற பாசம் மறுத்ததும் மெய். வளர்ந்த பாசம் சமைத்ததும் மெய். இன்றும் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

போன ஆடியில் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறு பெருகி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரின் இரைச்சல் தெரு வரைக்கும் கேட்டது. உச்சிவேளை. தண்டாயுதபாணிக்கு இலை போட்டிருந்தது. பரிமாற வந்த சௌந்திரம் அந்த இரைச்சலைக் கேட்டதும் நின்றுவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் "இன்னுமா?" என்று கேட்கவில்லை. இலையிலிருந்து எழுந்து வெளியே போய், வேப்பமரத்தடியில் நின்றார்.

நான் மெதுவாகக் கேட்டேன், "அடிக்கடி இப்படித்தானா?"

"ஆடி வந்தா இப்பிடித்தானுங்க டீச்சர்" என்றாள். "ஒருக்கா மன்னிச்சா தீந்துபோவும்னு நெனச்சேன். தீர மாட்டீங்குது. ஒவ்வொருக்காவும் புதுசா மன்னிக்க வேண்டியிருக்குது."

அந்த இரைச்சலில் அவளுக்கு எந்தக் குரல் கேட்கிறதோ, நான் கேட்கவில்லை. கேட்க அஞ்சினேன். சோறு ஆறியது. பாவாயி அம்மாள் ஒரு மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.  பிறகு சௌந்திரம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வாசலுக்குப் போனாள். மரத்தடியைப் பார்த்து, "சாப்புட வாங்க" என்றாள்.

அவர் வந்தார். உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள்.

பேனா பிடிக்கும் பெருமக்களே! இந்த மேடையின் கீழே எழுத ஆசைகொண்ட இளைஞர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களிடம் கையேந்திக் கேட்கிறேன். எங்களுக்குத் தெய்வங்களைத் தராதீர்கள், மனிதர்களைத் தாருங்கள்! அழ வராத பெண்ணைத் தாருங்கள்! அஞ்சி உதறிய ஆணைத் தாருங்கள்! கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் தாயைத் தாருங்கள்! வெறுப்பும் விருப்பும் ஒரே நெஞ்சில் ஒரே இலையில் உண்ணட்டும். அதைக் கண்டு அருவருக்காமல் எழுதுங்கள்! "மன்னித்தேன்" என்ற மூன்றாந்தர வசனத்தை விட்டுவிட்டு, "சாப்புட வாங்க" என்று அவள் சொன்னாளே, அந்த இரண்டு சொல்லை எழுதிக் காட்டுங்கள்! அப்படி ஒரு நாவல் வரட்டும். நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அதை வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறேன். யார் தடுத்தாலும் படித்துக் காட்டுகிறேன்!

பேச இடம் தந்த தலைவர் ஐயாவுக்கும், பொறுமையோடு செவி தந்த பெரியோர்க்கும், அழுத பிள்ளையைத் தட்டித் தட்டி எனக்காக அமர்த்திய அன்னையர்க்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. வெளிச்சம் இருக்கிறது, பத்திரமாகப் போய் வாருங்கள். வீட்டில் யாராவது உங்களுக்காகக் காத்திருந்தால், இன்றைக்கு மெய் பேசுங்கள். வணக்கம்.